எலி நீங்கலாக

வால்டிவியாவில் ஜூலை மழை,
ஒன்பதாவது நாள்.
வாடகை அறையில் புகையும் விறகடுப்பு,
மேலே காயாத காலுறைகள்,
கீழே நானும் மடிக்கணினியும்.

சிப்பி, நஞ்சு என்று தட்டினேன்.
நாற்பத்தோராயிரம் கட்டுரைகள் வந்து நின்றன.
எலியின் நரம்பு, எலியின் ஈரல்,
எலிக்கு வந்த மறதி, எலிக்குக் கொடுத்த மருந்து.
எனக்கு வேண்டியது எலி அல்ல.
சிலோயே தீவுக்குத் தெற்கே ஒரு குடா,
அங்கே கடல் சிவந்த ஆண்டுகளின் கணக்கு.

தேடல் பெட்டியில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்:
எலி நீங்கலாக.
வீடு பெருக்கியதுபோல் ஆயிற்று.
அறுநூற்றுப் பன்னிரண்டு.

சொல்லின் வாலை நறுக்கி
நட்சத்திரக் குறி வைத்தேன்,
எந்த விகுதியோடு வந்தாலும் வரட்டும் என்று.
அந்தப் பாசிக்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்;
பழைய பெயர்களையும் தேடிப் பிடித்து
'அல்லது' போட்டுக் கோத்தேன்.
ஸ்பானிய மொழியிலும் ஒருமுறை கேட்டேன்.
எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.
தொடக்கத்து இருபது ஆண்டுகள் மட்டும் காலி.

"அக்காலத்தில் இக்குடாவில் கடல் சிவந்ததற்குச் சான்றில்லை"
என்று எழுதி
முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டேன்.

சோபைபில்லா தின்றபடி
ஃப்ரெசியா திரையை எட்டிப் பார்த்தாள்.
மருந்தியல் படிப்பவள்; எண்ணெய் விரல்.
"கருவி இல்லாத காலத்தில்
நஞ்சை எப்படி அளந்தார்களாம்?"
சிப்பியை அரைத்து, வடித்து,
ஊசியில் ஏற்றி, கடிகாரம் பிடித்து
ஒரு

என்று தொடங்கியவள் அங்கேயே நின்றேன்.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவனைப் பார்த்துச்
சிரிக்கிறோம்.
நான் எலியை விரட்டினேன்,
மலையும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

நீக்கியதை நீக்கினேன்.
எலியோடு குடாவின் பெயரைச் சேர்த்துக் கேட்டேன்.
வந்தது ஒன்றே ஒன்று:
தட்டச்சில் அடித்த பதினொரு பக்கம்,
கோணலாக ஸ்கேன் செய்தது,
ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல்.
தேதி. கரை. எலியின் எடை. இறக்க எடுத்த நேரம்.
பத்தொன்பது கிராம், ஆறு நிமிடம் பத்து விநாடி.
இருபத்தொரு கிராம், ஐந்து நிமிடம்.
வரிக்கு ஓர் எலியாகப்
பக்கம் பக்கமாக.

குறிப்பேட்டில் எழுதினேன்:
தேடல் பதினான்கு. நீக்கிய சொல்: எலி.
காரணம்: அவசரம்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி,
நேரம் இருக்க வேண்டிய கட்டத்தில்
ஒரு சொல்: பிழைத்தது.
வடகரை, பிப்ரவரி.
அன்று மாலை அங்கே யாரோ
பானை வைத்திருப்பார்கள்,
ஓடுகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்திருக்கும்.