புறங்கை

டிசம்பர். தார்த்து நகரம்.
மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ராய்வோ ரேடியேட்டரில் சாக்ஸ் காயப்போடுகிறான்.
கடையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
குளிர்காலத் தள்ளுபடி. விருப்பமிருந்தால் மட்டும்.
பதில் சொல்ல நாளை கடைசி நாள்.

விருப்பமிருந்தால் மட்டும்.
வெள்ளமும் இப்படித்தான் கேட்குமாயிருக்கும்,
நனைய விருப்பமா என்று.

நாங்கள் செய்தது ஓர் ஏரி.
உறைந்த ஏரி. ஒருத்தி அதன்மேல்
வெங்காய மூட்டைகளைச் சறுக்குவண்டியில் இழுத்தபடி
மறுகரை போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.
துப்பாக்கி கிடையாது. எதிரி கிடையாது.
காலடியில் பனிக்கட்டி முனகுவதைக் கேட்டே
அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியவேண்டும்.
அந்த முனகலுக்காக இரண்டு குளிர்காலம்
பெய்ப்சி ஏரிமேல் குப்புறப் படுத்துக் கிடந்தேன்,
துளை போட்டு மைக்கை உள்ளே இறக்கி.
ஒருமுறை மைக் போயிற்று. ஒருமுறை கையுறை.
ராய்வோவின் கல்யாணம் எப்போது போயிற்றென்று
நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

நாலு வருடம்.
இருபது யூரோ என்று விலை வைத்தோம்.

எழுபத்தைந்து சதவீதம் தள்ளினால் ஐந்து.
வாங்குகிறவர் நாட்டு வரி போக நாலும் சில்லறையும்.
கடைக்கு அதில் முப்பது சதவீதம்.
மிச்சம் இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே,
அதில் பாதி ராய்வோவுக்கு.
மூன்று பேர் என் ஏரியைக் கடந்தால்
நான் ஒரு காபி குடிக்கலாம்.
கேக் கேட்கக் கூடாது.

தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்பார்கள்.
உண்மைதான்.
எடுத்தவள் நான், நக்குகிறவளும் நான்.
குடம்தான் என்னிடம் இல்லை.

கடையை முழுதாகத் திட்டவும் வாய் வரவில்லை.
சொந்தத் தளத்தில் ஒரு வருடம் விற்றுப் பார்த்தோம்.
ஒன்பது பிரதிகள்.
அதில் ஒன்று ராய்வோவின் முன்னாள் மனைவி,
முழு விலை கொடுத்து.
அன்று அவன் வேலை செய்யவில்லை.

கடையின் விருப்பப் பட்டியலிலோ பதினோராயிரம் பேர்.
விலை உருகட்டும் என்று
கரையிலேயே நிற்கிறார்கள்.
சாந்தியாகோவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்:
"கடைசிக் கட்டத்தில் அழுதுவிட்டேன். அற்புதம்.
தொண்ணூறு சதவீதம் வரும்வரை பொறுங்கள்."

ராய்வோ சோபாவிலேயே தூங்கிவிட்டான்.
எனக்குத் தூக்கம் வராமல்
என் சொந்த அலமாரியைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு விளையாட்டுகள்.
எல்லாம் தள்ளுபடியில் அள்ளியவை.
பாதிக்கு மேல் ஒருமுறைகூடத் திறக்காதவை.

கண்ணை மூடி ஒன்றைத் தொட்டேன்.
எழுபத்தொன்பது சென்ட்டுக்கு எப்போதோ வாங்கியது.
ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட்.
யார் எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்பதை வைத்து
யார் யாரோடு பேசுவதில்லை என்று கண்டுபிடிக்கவேண்டும்.
இரண்டு மணிக்குத் தொடங்கினேன்.
ஆறு மணிக்கு ஏழாவது மாடிக்காரர்
முதல்முறையாக நாலாவது மாடியில் இறங்கினார்.
எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பெயர்கள் மேலேறின. இரண்டே இரண்டு.
ரொசாரியோ நகரம், அர்ஜென்டினா.
அடியில் ஒரு வரி:
வாடகைக்குப் பொறுத்த வீட்டுக்காரருக்கு நன்றி.

அவர்கள் சமையல் மேசையிலும்
ஒரு ராத்திரி இந்தக் கணக்கு நடந்திருக்கும்.
எழுபத்தொன்பது சென்ட்டில் வரி போக, கடை போக,
பாதி போக.

கடைக்குப் போய் முழு விலையைத் தேடினேன்.
அட்டை எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.
வாங்கும் பொத்தான் இருந்த இடத்தில்
இப்படி எழுதியிருந்தது:
இது ஏற்கெனவே உங்களுடையது.

வெளியே பனி வாரும் வண்டி வந்துவிட்டது.
ராய்வோ கண் திறக்காமலே கேட்டான்,
"எவ்வளவு போட்டாய்?"

"எழுபத்தைந்து."

எழுந்து போய்
சாக்ஸைத் திருப்பிப் போட்டான்.
அடிப்பக்கம் இன்னும் ஈரம்.