புரை

நீலம் என்றால் ஒன்றுமில்லை.
கல்லின் காலி இடங்களில் நீலப் பிசின் ஏற்றி
மயிரிழையில் பாதியாகத் தேய்த்த சில்லில்
நீலம் தெரிந்தால்
அங்கே கல் இல்லை.

ஓடில் கெர்வெல்லாவின் மேசையில் இரண்டு சில்லுகள்:
பழைய கிணறு, புதிய கிணறு.
பாரீசுக்குக் கிழக்கே, மார்ன் ஆறு வளையும் புறநகர்.
மேலே இரண்டுக்கும் நடுவில்
ஒரு நீச்சல் குளம், ஒரு பேருந்துப் பணிமனை, ஒரு கல்லறை.
கீழே ஆயிரத்து எழுநூறு மீட்டரில்
நடுவில் ஏதுமில்லை, ஒரே கடல்.

கடல் என்றால் இடுப்பளவுக் கடல்.
ஜுராசிக் வெயிலில் அலை புரட்டப் புரட்ட
ஓட்டுத் துணுக்கு ஒவ்வொன்றும்
சுண்ணம் சுற்றிச் சுற்றி
மீன்சினை போல் உருண்டது.
அந்தச் சினை பொரியவில்லை.
குவிந்து கிடந்தது.

பழைய கிணற்றின் நீர் எழுபது பாகையில் ஏறிவரும்,
அழுகிய முட்டை வாடையோடு.
சூட்டை மட்டும் கைமாற்றிவிட்டு
வந்த ஆழத்துக்கே திரும்பும்.
ஒன்பதாம் மாடியில் கும்பா சிஸ்ஸோகோ
இரவில் பிள்ளைகளின் காலுறைகளை
வெப்பக் குழாயின்மேல் போடுவாள்.
விடிவதற்குள் காய்ந்து விறைத்திருக்கும்.

புதிய கிணறு சளி பிடித்த மூக்கு.

"அதே கல்தானே, மதாம்?"
நகராட்சிக் கணக்கர் பெர்த்தொலே தொலைபேசியில்.
அதே கல்தான்.
"பிறகு ஏன்?"
சிமென்ட் அடைத்துவிட்டது என்கிறாள்.
"யார் போட்ட சிமென்ட்? எந்த ஒப்பந்தக்காரன்?"
அவள் சிரிக்கவில்லை.
பதினொரு மில்லியன் யூரோ.

முதல் சில்லு.
உருண்டைகள் படிந்த கொஞ்ச காலத்திலேயே
கடல்நீர் ஒவ்வொன்றுக்கும்
ஊசி ஊசியாய் ஒரு விளிம்பு கட்டியது.
கட்டியது அவ்வளவுதான்.
தொட்ட இடத்தில் தொட்டபடி நின்றன.
திட்டு முதுகு காட்டிய நாளில் மழை வந்து
சிப்பிகளைக் கரைத்தது, நத்தைகளைக் கரைத்தது.
நத்தை போய்விட்டது.
நத்தையின் வளைவு போகவில்லை:
ஒரு சுற்று, இரண்டு சுற்று,
உச்சியில் ஒரு புள்ளி நீலம்.
பிறகு களிமண் வந்தது, சீமைச்சுண்ணம் வந்தது,
ஊர் வந்தது, டிராம் வந்தது.
விளிம்பு விடவில்லை.

இரண்டாம் சில்லு.
விளிம்பு இல்லை. சுமை ஏறியதும்
உருண்டைக்குள் உருண்டை புகுந்தது.
நெருக்குண்ட இடம் கரைந்தது,
தையல் பிரிந்து தைத்ததுபோல் கறுத்த கோடு.
கரைந்த சுண்ணம் எங்கே போகும்?
பக்கத்து வெற்றிடத்துக்கு.
அங்கே கால்சைட்டாகக் குந்தியது,
முகம் முகமாய், பளிங்காய்.

ஒளியைக் குறுக்கே திருப்பிப் பார்த்தால்
இரண்டாவதுதான் அழகு.
இளஞ்சிவப்பும் பச்சையும் முத்தின் உட்புறமும்.
சென்ற மாதம் அதைத் தன் கணினித் திரையில்
படமாக வைத்திருந்தாள், இது தெரியுமுன்.
ஒரு சொட்டு போகாது.

தமிழில் புரை என்று ஒரு சொல் உண்டு.
துளைக்கும் அது, குற்றத்துக்கும் அது.
ஓடிலுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால்
அறிக்கையின் ஒரு வரி குறைந்திருக்கும்:
புதிய கிணற்றில் புரை இல்லை,
அதுதான் அதன் புரை.

ஏன் இங்கே விளிம்பு, அங்கே இல்லை?
திட்டின் அலைப்பக்கம், திட்டின் மறுபக்கம்,
என்று எழுதுகிறாள்.
எழுதியதை அடித்துவிட்டு
"இருக்கலாம்" சேர்க்கிறாள்.
காலத்தே கொஞ்சம் இறுகியது
காலியாக இருக்க முடிந்தது.
இதை எழுதவில்லை. கணக்கர் கேட்பார்,
எவ்வளவு கொஞ்சம் என்று.

ஜனவரி. மார்ன் கரையில் பனிப்பொருக்கு.
ஒரு கிணற்றுச் சூட்டை
இரண்டு கிணற்று வீடுகளுக்கு
இனிப் பங்கிட வேண்டும்.
ஒன்பதாம் மாடியில்
காலுறை இன்னும் கொஞ்சம் ஈரம்.
கும்பா திருப்பிப் போடுகிறாள்.
கீழே, வெகு கீழே,
நத்தை இல்லாத நத்தைக்குள் நுழைந்து
வெந்நீர் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு
வருகிறது.