ஈயம் மெல்லிசைக் குழு

ஆரம்ப வரலாறு கேட்கிறாய்.
முதலில் ஒரு திருத்தம்: நாங்கள் நாலு பேர் இல்லை, மூன்றரை.
ஜலாலுதீன் மைக் செட் கடையை அடைத்த பிறகுதான் வருவான்.
முகூர்த்த நாளில் வரமாட்டான்.
அவன் வராவிட்டால் ஆம்ப்ளிபயரும் வராது.

எண்பத்து நாலு, ஆடி.
வயிரவனின் அண்ணன் மெல்போர்னிலிருந்து
கடிதம் எழுத மாட்டார், பேசி அனுப்புவார்.
கேசட்டின் ஒரு பக்கத்தில் பத்தொன்பது நிமிஷம்:
அம்மா, நல்லா இருக்கேன். குளிருது. கோட்டு வாங்கிட்டேன்.
பிறகு ஒரு டக்.
பிறகு, அந்த ஊர்ப் பையன்கள் யாரோ வாசித்து
அவர் அழிக்காமல் விட்ட மிச்சம்.
தகரத்தை நகத்தால் கீறுகிற கிடார்,
அதன் அடியில் ஒரு பேஸ்,
கோபத்தில் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பதுபோல.
பெயர் இல்லை. பதினோரு நிமிஷம்.

வயிரவனின் அம்மா டக் வந்ததும் நிறுத்திவிடுவார்.
நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம்.

முதல் பாட்டின் தலை அண்ணனின் குரலுக்கு அடியில்
புதைந்து கிடந்தது.
அதனால்தான் எங்கள் பாட்டெல்லாம் நடுவில் ஆரம்பிக்கும்.
அதில் ஒரு தத்துவம் இருப்பதாகத் திருச்சியில் ஒருவர் எழுதினார்.
இல்லை.

ஒத்திகை புதுவயலில், வயிரவனின் மாமா மில்லில்.
நெல் அவிக்கிற நாளில் உள்ளே நிற்க முடியாது.
மற்ற நாட்களில் உமி.
டிரம்முக்குள் உமி புகுந்து, அடித்தால் இருமியது.
அப்படியே இருக்கட்டும் என்றோம்.
டிரம் தேவகோட்டைக் கோயில் பேண்டுடையது.
ஈஸ்டருக்குள் தருவதாகச் சாமியாரிடம் சொல்லியிருந்தேன்,
எந்த ஈஸ்டர் என்று சொல்லவில்லை.

சிகப்பிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு ஷிப்ட்.
பாட வராது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.
பாடவும் இல்லை. சொன்னாள்:
மூணு நிமிஷம் முடிஞ்சது, நீட்டிக்கவா.
ஈப்போ பிஸி. ஈப்போ பிஸி.
லைன்ல இருங்க. லைன்ல யாரும் இல்லை.
எனக்கு ஒரு அடி தவறியது.

ஈயம் என்று பெயர் வைத்தது ஜலாலுதீன்,
பற்றவைத்துக்கொண்டிருந்தபோது.
ஈயத்துக்கு யார் காசு கொடுப்பார் என்று
விழாக் கமிட்டி 'மெல்லிசைக் குழு' சேர்த்தது.

பள்ளத்தூர், மாசி.
நாடகக் கோஷ்டியின் வேன் திருமயத்தில் நின்றுவிட்டதால்
எங்களுக்கு அரை மணி.
யாரும் எதையும் எறியவில்லை.
முன்வரிசையில் ஒருவர் எழுந்து
"பினாங்குக்குப் புக் பண்ணி ஆறு நாளாச்சும்மா" என்றார்.
தாளம் விடாமல் சிகப்பி,
"வரிசையில இருக்கீங்க, வரிசையில இருக்கீங்க."
அதுதான் இரண்டாவது பாட்டு.

சம்பளம் நூற்றைம்பது.
அதில் வயிரவன் அம்மாவின் டேப்புக்குப் புது பேட்டரி வாங்கினான்.
ஏழு மாசமாக அந்தப் பழைய செல்களை
வற்றலோடு வெயிலில் காயவைத்து
ஓட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் பேசினார்.
மெல்லிய குரல், வேகம், பாதிச் சிரிப்பு.
"பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோன்னு இருந்தேனே"
என்று அம்மா டேப்பின் மேல் கையை வைத்தார்.
"நல்லாத்தான் இருக்கான்."
கையை எடுக்க மறந்துவிட்டார்.
டக்.

ஓடினார்கள் அந்தப் பையன்கள்,
பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் மாதிரி.
கோபமும் இல்லை, நடையும் இல்லை.
நாங்கள் கற்ற எதுவும் அதில் இல்லை.

"அவங்க தப்பா வாசிக்கிறாங்க" என்றான் ஜலாலுதீன்.

யாரும் சிரிக்கவில்லை.
குப்பைக்கூடையிலிருந்து பழைய செல் நாலையும் எடுத்து
சிகப்பி முந்தானையில் முடிந்துகொண்டாள்.
எட்டு மணிக்கு ஷிப்ட்.