கடலில் ஒரு விலாசம்

மூன்று கருவிகளை மேசையில் வைத்தார் லியாண்டர் பைக்.
ஒரு வாரம் வெளியே கொண்டுபோய்ப் பார், பெர்னடீன்,
நீ சொல்வதையே பதினாறு பேருக்கும் வாங்குவோம் என்றார்.
அலுவலகத்தில் மூன்றுமே நன்றாக வேலை செய்தன.
அலுவலகத்தில் மழை பெய்வதில்லை.

முதலாவது அகலமான டேப்லெட்.
திங்கட்கிழமை, பக்கவாட்டில் வீசிய தூறலில்
பில்லர்ட் தம்பதியின் வீட்டை அளந்துகொண்டிருந்தேன்.
திரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும்
விரல் என்று நம்பியது அது.
இரண்டு குளியலறைகளைக் கூட்டிவிட்டது மழை.
பிறகு ஒரு நீச்சல் குளம்.
நீர்மேல் எழுத்து கேள்விப்பட்டதுண்டு.
நீரே எழுதி
அதற்கு வரியும் போட்டதை அன்றுதான் கண்டேன்.

இரண்டாவது மஞ்சள் ரப்பர் கவசத்தோடு வந்தது.
லாரி ஏறினாலும் உடையாதாம்.
கையுறையைக் கழற்றாமல் தொடலாம், அதுவரை சரி.
எடை ஒன்றரைக் கிலோ.
மதியத்துக்குள் என் இடது மணிக்கட்டு
என் வயதை ஊருக்குச் சொல்லிவிட்டது.
கதவைப் பாதி திறந்த தெல்மா ஹைன்ஸ்
மீன் ஆலையைச் சோதிக்க வந்தவளா என்று கேட்டாள்.
வீட்டுவரிக்கு என்றதும்
நாயை அவிழ்த்துவிடவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வெறும் போன்.
உள்சட்டைப் பையில் கிடந்து
என் உடம்புச் சூட்டில் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டது.
ஆனால் மாடி, சமையலறை, விறகுக் கொட்டகை
எல்லாவற்றையும்
கட்டைவிரல் அகலத்துக்குள் வரைய வேண்டும்.
மூக்குக் கண்ணாடி இல்லாமல்
நான் வரைந்த வீட்டுக்கு நானே வழி கேட்பேன்.

வியாழன்.
நியூஃபவுண்ட்லாந்தின் பிளசென்ஷியா விரிகுடா,
ஸ்கல்பின் கோவ், கடைசி வீடு.
பின்னால் குன்று, முன்னால் மூடுபனி.
மஞ்சள் கருவி 'தேடுகிறது' என்றது,
தேடிக்கொண்டே இருந்தது.
டேப்லெட் என்னைத் தேவாலயத்துக்குள் நிறுத்தியது,
போய் நாலு வருடமாகிறது.
போனின் நீலப் புள்ளியோ
கரையிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி
நடுக்கடலில் அமைதியாக மின்னியது.
செயற்கைக்கோளுக்கே தண்ணி காட்டிய வீடு.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த ஆம்ப்ரோஸ் கீப்பிங்
இருமும் அளவுக்குச் சிரித்தார்.
"அறுபத்தேழில் வந்திருந்தால்
இது சரியான விலாசம்."

தீவைக் காலி செய்யச் சொன்னார்கள்.
சுற்றிலும் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி
இந்த வீட்டையே கடலில் இறக்கி
இரண்டு படகுகள் இழுத்து வந்தனவாம்.
பதினொரு வயது அவருக்கு.
படகில் வா என்றதைக் கேட்காமல் மாடியில் ஒளிந்துகொண்டார்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கடல்நாய்
அவர்கள் வீட்டுத் திரைச்சீலையை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

நான் படிவத்தைத் திறந்தேன்.
முதல் கட்டத்தில், யாரும் கேட்காமலே
நிரப்பப்பட்டிருந்தது:
அசையாச் சொத்து.

மாற்ற வழியில்லை. அடுத்த கட்டத்துக்குப் போனேன்.
வெளிச்சுவர்: பலகை, வெள்ளை.
கூரை: சுமார்.
கடற்காட்சி: உண்டு.
"அதற்கும் காசா?" என்றார்.
"அதற்குத்தான் அதிகம்" என்றேன்.
"அன்றைக்கு நாலு பக்கமும் தெரிந்தது.
ஒருவரும் கேட்கவில்லை."

புள்ளியை விரலால் அழுத்திக்
கரையை நோக்கி இழுத்தேன்.
"மெதுவாக, மெதுவாக" என்றார்,
"புகைபோக்கி அப்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.
எங்களுக்கு ஆறு மணி நேரம் பிடித்தது, தெரியுமா?"
நான் அவசரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அறிக்கையில் போன் என்று எழுதினேன்.
மழைக்கு உறை, நீளம் அளக்க லேசர், தனியாக.
காரணம்: பையில் சூடாக இருக்கிறது.

இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்றார் லியாண்டர்.
நானூறு மீட்டர் பிசகும் என்றேன்,
சில வீடுகளில் அறுபது வருடம்.
அவர் மீட்டரை மட்டும் குறித்துக்கொண்டார்.