படிவத்தில் இல்லாத கட்டம்

அவிநாசி ரோட்டின் ஹாரன் எட்டாத
கீழ்த்தளத்தில் எனக்கு வேலை.
ஒரே குழந்தையை ஒரே வாரத்தில்
இரண்டு எந்திரங்களுக்குள் அனுப்ப வேண்டும்.
எது சரியாகக் காட்டுகிறது என்று
மேல்மாடியில் கணக்குப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பெட் ஸ்கேன்.
ஆறு மணி நேரம் வெறும் வயிறு.
பிறகு, கதிர் ஏற்றிய சர்க்கரை கொஞ்சம் நரம்பில்.
பசித்த இடமெல்லாம் அதைத் தின்று ஒளிரும்.
நோய்க்குப் பசிக்கும்.
மூளைக்கும் பசிக்கும்.
படத்தில் பசிக்குப் பெயர் எழுதியிருக்காது.

சஸ்விகா, ஏழு வயது, கருமத்தம்பட்டி.
கழுத்தில் நெறி கட்டி வந்தவள்,
இரண்டு சுற்று மருந்து முடிந்திருந்தது.
அம்மா கோகிலவாணிக்கு ஆறாம் மாதம்.
ஊசி போட்ட பிறகு நீங்கள் பக்கத்தில் வரக்கூடாது என்றேன்.
"எத்தன நேரத்துக்குங்க?"
சாயங்காலம் வரைக்கும்.
"பஸ்ஸுல எம்மடியிலதானுங்க உக்காருவா."
அப்பாவை வரச்சொன்னேன்.
தறியை நிறுத்திவிட்டு வந்தார்,
காலரில் பஞ்சு ஒட்டியபடி.

ஒரு மணி நேரம்
அசையக்கூடாது, பேசக்கூடாது கண்ணு என்றேன்.
தலையாட்டினாள். அதுவும் கூடாது என்றேன்.
ஏசி பதினெட்டில் ஓடியது.
கம்பளி சலவைக்குப் போயிருந்தது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் ஸ்வெட்டரில்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
பேசாதே என்று சொன்னவள் நான்.

வியாழக்கிழமை எம்.ஆர்.ஐ.
கதிர் இல்லை, பட்டினி இல்லை.
குழாயும் இரைச்சலும் ஐம்பது நிமிடமும்தான்.
பெரிய ஆட்களே பாதியில்
கையிலிருக்கும் பந்தை அமுக்கிவிடுவார்கள்.
மயக்க மருந்து டாக்டர் தயாராக நின்றார்.

டடக் டடக் டடக் என்று எந்திரம் எடுத்ததும்
சஸ்விகா தூங்கிப்போனாள்.

"தறிச் சத்தத்துலயே பொறந்தவளுங்க," என்றார் அப்பா,
"கரண்டு போனாத்தான் முழிச்சுக்குவா."
அப்படியே நடந்தது.
ஒரு வரிசைப் படம் முடிந்து
அடுத்தது தொடங்கும் முன் எந்திரம் ஓயும்போதெல்லாம்
கண் திறந்து தேடினாள்.

இரண்டு டாக்டர்கள், இரண்டு அறைகள்.
ஒருவர் படத்தை இன்னொருவர் பார்க்கக்கூடாது.
ஒருவர் எழுதினார்: கழுத்தின் இருபுறமும்,
தோளிலும், முதுகெலும்பின் ஓரத்திலும் ஒளிர்கிறது;
நோய் திரும்பியிருக்கலாம்.
இன்னொருவர் எழுதினார்: கழுத்து சுத்தம்.
நுரையீரலைப் பற்றி எந்திரத்தால்
உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் காகிதம் எப்படியோ
முதலில் வராந்தாவுக்குப் போய்விட்டது.
கோகிலவாணி சுவரைப் பிடித்து உட்கார்ந்ததை
லிஃப்ட் கதவு மூடும்போது பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சாருலதா
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினார்.
"இது கட்டியில்லை, கொழுப்பு.
குளிரெடுத்தால் உடம்பு இதைத்தான் எரிக்கும்.
எரிக்கச் சர்க்கரை கேட்கும்.
ரூம் சில்லுனு இருந்துச்சா?"

படிவத்தைப் புரட்டினேன்.
எடை, உயரம், ரத்தச் சர்க்கரை,
ஊசி ஏற்றிய நேரம், அசைந்தாளா.
குளிர்ந்தாளா என்று கட்டம் இல்லை.

ஆமாம் டாக்டர், என்றேன்.

இடது இடுப்பெலும்பில் ஒரு புள்ளி
இரண்டு படத்திலும் இருக்கிறது.
அதற்குக் கம்பளியைக் காரணம் சொல்ல முடியாது.
மருந்து தொடர்கிறது.

எந்த மிஷினுங்க நல்லது என்று
கோகிலவாணி என்னிடம் கேட்டார்.
அதைத்தான் மூன்று வருடமாகத் தேடுகிறார்கள் என்று
எப்படிச் சொல்வது.
ஒன்று சும்மா இருப்பதையும் நோய் என்கிறது,
ஒன்று சிலதைப் பார்க்காமலே போகிறது,
குளிர்ந்ததை இரண்டுமே சொல்லவில்லை
என்று சொல்லியிருக்கலாம்.
டாக்டரைக் கேளுங்க, என்றேன்.

அன்று சாயங்காலம்
ஏசி ரிமோட்டில் பிளாஸ்திரி ஒட்டி
பேனாவால் எழுதினேன்:
இருபத்து நாலு. யாரும் தொடாதீங்க.

திங்கட்கிழமை யாரோ தொட்டிருந்தார்கள்.
மறுபடி ஒட்டினேன்.