மூன்றாவது ஷட்டர்

எதனால என்று கேட்டால்
ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது.
செல்போன் என்றார் மினிபஸ் கண்டக்டர்.
வயிற்றுப்பிள்ளையோடு நடவுக்குப் போனதால் என்றாள் என் அத்தாச்சி,
தேன்மொழி காதில் விழும்படி.
சர்க்கரை. கிரகணம். செல்லம்.
நாலாம் வகுப்பு டீச்சர் மட்டும்
ஒரு துண்டுச்சீட்டை மடித்துக் கொடுத்தார்:
தஞ்சாவூரில் ஒரு டாக்டர் பெயர்.

டாக்டர் நல்லவர்.
மூணாற்றுத் தலைப்பில் நான் லஸ்கர் என்று தெரிந்ததும்
என் பாஷையில் பேசிப் பார்த்தார்:
"மூளையில ஒரு ஷட்டர் சரியா இறங்கலன்னு வச்சுக்குங்க."
ஷட்டர் இறங்கும் சார் என்றேன்.
மரை துருப்பிடித்தாலும் இறங்கும்.
எப்போது இறக்குவது என்று சொல்கிற
போன்தான் வராது.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
"அதேதான்."

பிறகு கேட்டார்:
"பெரும்பாலும் பிறவியிலேயே வர்றது. வழிவழியா ஓடும்.
வீட்டுல வேற யாருக்காவது?"

தேன்மொழி வாய் திறக்கவில்லை.
என் சட்டையைப் பார்த்தாள்.
ஒரு பித்தானைத் தள்ளிப் போட்டிருந்தேன்.
பைக் சாவி பைக்கிலேயே தொங்கியது, ஆஸ்பத்திரி வாசலில்.
ஓர் ஐப்பசி ராத்திரி
பாமணியாற்றின் மூன்றாவது ஷட்டரை ஏற்றப் போனவன்
கோரையாற்றில் நீர்நாய் ஒன்றைப் பார்த்தபடி நின்று
மெமோ வாங்கினேன்.
"நெனப்பு எங்கய்யா இருந்துச்சு?"
அதற்கு இன்னும் நான் எழுத்துமூலம் பதில் தரவில்லை.

மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கிறது.
ஒரே கடை; பேரேட்டில் கையெழுத்து.
இட்லிக்குப் பிறகு ஒன்று.
மதியம் பசிக்காது, டிபன் டப்பா அப்படியே திரும்பும்.
ஆறு மணிக்கு மேல் எரிச்சல், அப்புறம் அகோரப் பசி.
மாதாமாதம் எடை பார்க்க வேண்டும்.
இருபத்து மூன்று கிலோ. இருபத்திரண்டரை.
பிள்ளைக்குப் போதை கொடுக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு.
எனக்கும் பயம்தான்.

பன்னிரண்டாம் நாள் நிறைமதி
கழித்தல் கணக்கில் பக்கத்து எண்ணிடம் ஒன்று கடன் வாங்கி,
அங்கே குறைக்கவும் மறக்காமல்,
நிமிர்ந்து சொன்னாள்:
"அப்பா, இன்னைக்கு உள்ள எல்லாரும் ஒரே நேரத்துல பேசல."

உள்ளே யார் என்று நான் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும் அவர்களை.

அடுத்த தடவை போகும்போது
என் பேரிலும் ஒரு சீட்டு போடச் சொல்கிறாள் தேன்மொழி.
நாற்பத்து நாலு வயதில்.
மறக்காமலிருக்கத் தேதியை உள்ளங்கையில் எழுதிவைத்தேன்.
கிரீஸ் பட்டு
பாதி அழிந்திருக்கிறது.