அறுபது சொற்களுக்குள்

புதிய கையேட்டுக்காகப் பேராசிரியர்கள்
தங்கள் பின்னணியை அறுபது சொற்களுக்குள்
எழுதித் தரவேண்டும் என்று
டீன் அலுவலகத்திலிருந்து தாள் வந்தது.
நடத்தை அறிவியல் துறை:
நான்கு பேர், ஒரு தாழ்வாரம், ஒரு காபி இயந்திரம்,
தட்டச்சு செய்ய நான்.

நெப்ராஸ்காவின் மேற்கு விளிம்பு இது.
அக்டோபரில் ஆலை சர்க்கரைக் கிழங்கை வேகவைக்கும்போது
ஈர மண்ணும் பாகும் கலந்து ஊரே வீசும்.
ஜன்னலைச் சாத்துகிறவர் வெளியூர்.

முதலில் தந்தவர் ஆரின் வீபி.
சமூக உளவியல், கான்சாஸில் முனைவர் பட்டம்,
குழு அழுத்தமும் இணக்கமும்.
ஐம்பத்தொன்பது சொற்கள். எண்ணியிருப்பார்.
அதில் இல்லாதது:
பதினோரு ஆண்டு மெனோனைட் சபையில் போதகராக இருந்தது,
விவாகரத்தான ஒருத்தியை நீக்கச் சபை கைதூக்கிய ஞாயிற்றில்
தன் கையும் மேலே நின்றதைப் பார்த்தது.
"வேறு யாருடையதோ மாதிரி இருந்தது" என்றார்
கிறிஸ்துமஸ் விருந்தில், கோப்பைக்குள் பார்த்தபடி.
இன்றும் அவர் வகுப்பில் யாரும் கைதூக்க வேண்டியதில்லை.
எழுதி, மடித்து, பெட்டியில் போடலாம்.

ஒஃபேலியா சரகோசா
குழந்தைகளின் பொறுமையை ஆராய்கிறாள்.
ஒரு மிட்டாய் இப்போது,
காத்திருந்தால் இரண்டு.
இதே ஊர்க் கிழங்கு வயலோரம்
விடியலிலிருந்து இருட்டும்வரை
லாரிக்குள் காத்திருந்த ஐந்து பிள்ளைகளில் மூத்தவள்.
ஒரு பாட்டில் தண்ணீர். பங்கு வைத்தவள் அவள்தான்.
உடனே தின்றுவிடும் குழந்தைக்கு நேரே
"தோல்வி" என்று குறிக்க மாட்டாள்.
"இரண்டாவது வரும் என்று
அதற்கு இதுவரை யார் நிரூபித்தார்கள்?" என்பாள்.
இதற்காக அவள் கட்டுரை இருமுறை திரும்பி வந்தது.

தாடியஸ் கோல்ப்பின் புறாக்கூடத்தைப்
பட்ஜெட் மூடி ஆறு வருடம்.
கடைசிப் பறவையைக் கோட்டுக்குள் வைத்து
வீட்டுக்குக் கொண்டுபோனார். அதன் பெயர் பதினான்கு.
தானியம் விழுமுன் அது இடப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றும்.
யாரும் கற்றுத் தரவில்லை,
என்றோ சுற்றியபோது தானியம் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
இதை விளக்கிச் சிரிப்பவர்
வகுப்புக்குள் நுழையுமுன் தொப்பியைக் கழற்றி
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போட்டுக்கொள்வார்.
"பதினான்குக்கு நன்றி" என்று முடித்திருந்தார்.
அந்த வரியை டீன் அலுவலகம் அடித்துவிட்டது.

அந்த மாதம்தான் காபி டப்பாவில் காசு குறைந்தது.
கோப்பைக்கு இருபத்தைந்து சென்ட்,
போடுவதும் போடாததும் அவரவர் மனச்சாட்சி.
கோல்ப் இரண்டு கண்கள் வரைந்து மேலே ஒட்டினார்.
ஒரு வாரம் டப்பா நிறைந்தது, பிறகு பழையபடி.
வீபி ரகசிய வாக்கெடுப்பு என்றார்.
ஒஃபேலியா கண்களுக்கு இமைமயிர் வரைந்தாள்.
மூன்று முனைவர் பட்டங்கள் நின்று
ஒரு தகர டப்பாவைப் பார்த்தன.

டெல்ஃபின் ருகவினா எதுவும் சொல்லவில்லை.
குற்றவியல். மொன்டானா.
"சீர்திருத்த நிறுவனங்களில் எட்டாண்டு அனுபவம்"
என்று எழுதியிருந்தாள்.
சிறைக் காவலர் என்றால் இரண்டே சொல்.
கதவுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டாள்,
சாவிக்கொத்து சத்தமிடாமல் உள்ளங்கையில் பொத்தி நடப்பாள்.
டப்பாவை ஒருமுறை பார்த்தாள்,
பிறகு என் கையை.
பிறகு காலண்டரை: சம்பளத்துக்கு ஒன்பது நாள்.

மறுநாள் என் தட்டச்சுப் பலகைக்கு அடியில்
மடித்த பத்து டாலர்.
குறிப்பு இல்லை, கையெழுத்து இல்லை.
என் மகனின் மதியச் சாப்பாட்டுக் கடனைப் பற்றி
நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுடைய தாளில் நாற்பத்து மூன்று சொற்கள்தான்.
மீதி பதினேழு எனக்குத் தெரியும்.
தட்டச்சு செய்யவில்லை.

கையேடு அச்சாகி வந்தது.
கோல்ப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
நானூறு பிரதியிலும் பேனாவால் திருத்தினேன்.
இப்போதெல்லாம் காபி குடிக்காத நாளிலும்
டப்பாவில் இருபத்தைந்து சென்ட் போடுகிறேன்.
இதற்கு அவரிடம் ஒரு பெயர் இருக்கும்.
கேட்கவில்லை.